தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிறவள்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் போனில் விளையாடாதவர்கள் என்று யாரும் கிடையாது. புதுவாயல் கூட்டு ரோட்டில் ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் இறங்குகிற வரைக்கும் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஆட்டம். நான் மூன்று மிட்டாயை ஒரே வரிசையில் சேர்த்து உடைக்கிற ஆட்டம் ஆடுவேன். கேட் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுவேன். ஜெயித்தேனா தோற்றேனா என்பது படியில் இறங்கும்போதே மறந்துபோகும்.

எங்கள் ஷிப்டில் இருந்த அக்கா ஒருத்தி அப்படி இல்லை. ஜெயித்த ஆட்டத்தை அவளும் மறந்துவிடுவாள். தோற்ற ஆட்டத்தை மட்டும் விடமாட்டாள்.

பெயரைச் சொல்லலாம்தான். படித்துக் காட்டினால், "எம்பேர இன்னாத்துக்குப் போட்ட?" என்று கேட்பாள். இப்போது அவள் தடா பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். நான் சொல்வது நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்த நான்கு வருஷத்தைப் பற்றி.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பிளஸ் ஒன். வீட்டுக்காரர் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் கம்பெனியின் வானநீலக் கோட்டு. ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. அவள் போனின் வலது மூலையில் ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசலுக்குப் பின்னால் எவனாவது ஒளிந்துகொண்டால் தெரியாது என்பதால், தன் ஆளை எப்போதும் கொஞ்சம் வலதுபக்கமாகத் திருப்பியே ஓட்டிக்கொண்டு போவாள்.

அவள் ஆடியது துப்பாக்கி ஆட்டம். நூறு பேரை விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வைப்பார்கள். நான்கு நான்கு பேராக ஒரு அணி. சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எந்த அணி உயிரோடு நிற்கிறதோ அது ஜெயித்தது. எங்கள் பஸ்ஸில் நிறையப் பேர் அதை ஆடினார்கள். குதிப்பார்கள், சுடுவார்கள், செத்தால் சிரித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். அக்கா செத்த பிறகுதான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவாள்.

முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன்.

"அதான் செத்துட்டியேக்கா. இன்னும் இன்னா பாத்துக்கினு கீற?"

"என்னச் சுட்டவன் எங்கருந்து சுட்டான்னு பாக்கறன்."

"அது தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்தது பரவால்லடி. எப்டிச் செத்தம்னு தெரியாமச் செத்தா, நாளிக்கும் அதே எடத்துல அப்டியே சாவணும்."

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெண்டு பொம்பளப் புள்ளைங்களை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்குத் துப்பாக்கி விளையாட்டு என்று அவள் காதுபடவே பேசுவார்கள். சனிக்கிழமை தவறாமல் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டுவாள். ஆடுவதற்கு முன்னால் விரல் வியர்க்காமல் இருக்க முகப்பவுடரைத் தொட்டுக்கொள்வாள். அதற்கும் சிரிப்பார்கள். அவள் அதையெல்லாம் கேட்டதாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

அவளுடைய அணியில் இருந்த மற்ற மூன்று பேரை அவள் நேரில் பார்த்தது கிடையாது. ஒருவர் பொன்னேரியில் ஏசி மெக்கானிக். ஒருவர் சிப்காட்டிலேயே இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை செய்த ஒடிசாக்காரர். இன்னொருவர் செங்குன்றத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒடிசாக்காரருக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு இந்தி சுத்தமாக வராது. ஆனாலும், "லெப்டு மரம்", "பீச்சே அக்கா, பீச்சே... பின்னாடி" என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மருந்துக்கடைக்காரர் வரவில்லை. ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். குதித்தேன். ஒரு வீட்டுக்குள் போனேன். அங்கே சிவப்பு ஷூ ஒன்று கிடந்தது, மாட்டிக்கொண்டேன். அப்படியே நடந்து கடற்கரைக்கு வந்தேன். படம் வரைந்த மாதிரி இருந்தது கடல்.

காதில் அக்காவின் குரல். "நீ எங்கடி கீற?"

"கடலோரமா கீறன்க்கா. சூப்பரா கீது."

"அங்க இன்னா பண்ற?"

"சும்மா பாக்கறன்க்கா."

அடுத்த நிமிஷம் யாரோ என்னைச் சுட்டார்கள். நான் இருந்த பக்கம் காலியானதால் அந்த வழியாகவே வந்து மற்ற மூன்று பேரையும் சுட்டார்கள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அரைமணி நேரம் கழித்துப் போன் செய்தாள்.

"நீ எப்டிச் செத்தன்னு சொல்லு."

"தெரிலக்கா. வெளாட்டுதானக்கா, வுடு."

"எனக்கும் வெளாட்டுதான்டி." குரல் உயரவில்லை. "கம்பெனில அவன் சொல்றதச் செய்யறன். ஊட்ல இவுரு சொல்றதச் செய்யறன். இது ஒண்ணுலதான் நானே முடிவெடுத்து நானே சாவறன். அதப்போயி சும்மான்னு எப்டிச் சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு அவள் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அதற்காகப் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பஸ்ஸில், "உன் மிட்டாயக் குடு பாக்கலாம்" என்று என் போனை வாங்கினாள். ஒரு வாரம் போக வர ஆடினாள். நான் ஏழு மாதமாக நின்றுகொண்டிருந்த கட்டத்தைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் விட்டாள். ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை. வெள்ளிக்கிழமை போனைத் திருப்பித் தந்தாள்.

"இதுல தோத்தா எங்க தோத்தம்னு காட்ட மாட்டேங்குதுடி. எனக்கு ஒத்து வராது."

அவளுடைய அந்தக் குணம் எல்லா நேரமும் இதமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பத்து நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். மற்ற பெண்கள் தோளில் கை போட்டார்கள், அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். அக்கா மட்டும், "எங்க தப்பாச்சின்னு தெரியுமா?" என்று கேட்டாள். எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

எட்டாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி உங்கிட்ட எங்க தப்பு பண்ணன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். கேட்டது தப்பில்ல. நீ அழுவும்போது கேட்டுட்டன் பாரு, அதான் தப்பு." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை என் கையில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுவாயலில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிப்காட் தொழிலாளர்களுக்கு என்று அந்த ஆட்டத்தில் போட்டி வைத்தார்கள். பதினாறு அணிகள். வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா, ஒடிசாக்காரர், ஏசி மெக்கானிக், கூட எங்கள் கம்பெனி எலெக்ட்ரீசியன் ஒருவர். அறுபத்துநான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். எங்கள் ஷிப்டிலிருந்து ஆறு பேர் பார்க்கப் போயிருந்தோம். பின்சீட்டில் சிரித்தவர்களும் அதில் அடக்கம்.

பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. கடைசி வட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இரண்டே அணி. நாங்கள் ஆறு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து கத்திக்கொண்டிருந்தோம். அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துபோனது. இரண்டாம் இடம்.

ஏசி மெக்கானிக் போனை மேசையில் அடித்தார். "நெட்டு கட்டாயிடுச்சி சார்! எல்லாருக்கும் தெரியும். திரும்ப வெய்ங்க!" எங்கள் எலெக்ட்ரீசியனும் சேர்ந்துகொண்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. நடத்துகிறவர்களும் திரும்ப வைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா மைக்குக்குப் போனாள். "நெட்டு நல்லாத்தான் இருந்துச்சி. அந்த மேட்ட நான் மொதல்லியே புடிச்சிருக்கணும். நாலு செகண்டு லேட்டு. என்ன நம்பித்தான் இவங்க கீழ நின்னாங்க. நான் வரல. அவங்க ஒயுங்காத்தான் ஜெயிச்சாங்க."

மைக் பிடித்தவர் அவளைப் பாராட்டி, பெண்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார். அவள் பெண்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றாள், ஏன் நின்றாள், எதிராளி எந்த இடைவெளியில் ஏறினான் என்று ஐந்து நிமிஷம் தான் செத்த கதையைச் சொன்னாள். மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்த அணியில் இருந்தவர்கள் மேடையேறிவந்து, "இன்னொரு தபா சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அன்று திரும்பும்போது அந்தப் பின்சீட்டுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. தோற்றுவிட்டு வந்தவளோடு போகிற பெருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது மோனிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனில் பதினெட்டு பிரஸ் மெஷின்கள். பித்தளைத் தகட்டை உள்ளே வைத்தால், கார் சுவிட்சுக்குள் போகிற சின்னச் சின்னத் துண்டுகளாக அடித்துத் தள்ளும். மெஷினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பச்சை பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருப்பதற்காகத்தான் அப்படி. ஆனால் ஒரு பட்டனை அழுத்தி, மேலே எலெக்ட்ரீசியன் டேப்பை ஒட்டிவிட்டால், ஒரு கை காலியாகிவிடும். ஒரு கை பட்டனில், ஒரு கை அடுத்த தகட்டில். வேலை வேகமாக ஓடும். யார் முதலில் ஒட்டினார்கள் என்று தெரியாது. பதினெட்டு மெஷினிலும் டேப் இருந்தது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். யாராவது பிரித்தால், "இன்னிக்கி கவுண்டு கம்மியா வருதே" என்பார். அவ்வளவுதான், திரும்பவும் ஒட்டிவிடுவோம்.

மோனிஷா திருவாலங்காட்டுப் பெண். இருபது வயது. சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நாஷ்டா முடிந்து வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் மெஷினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. துணியைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேன் போனபிறகு நாங்கள் திரும்பிவந்து பார்த்தால், அவள் மெஷினில் டேப் இல்லை. யாரோ பிரித்திருந்தார்கள். மாலைக்குள் பதினெட்டு மெஷினிலும் இல்லை.

விபத்து அறிக்கையில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அப்படி எழுதினால் காண்ட்ராக்டில் வந்த பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் எல்லாரும் பாவம் பாவம் என்றார்கள். அக்கா போனைத் திறக்கவே இல்லை. மெஷினில் இருப்பதுபோல இரண்டு கையையும் மடியில் வைத்து, வலது கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

வியாழக்கிழமை பிளான்ட் மேனேஜர் எங்களை கேன்டீனில் கூப்பிட்டுப் பேசினார். கவனமாக வேலை செய்யுங்கள், பேசிக்கொண்டே வேலை செய்யாதீர்கள் என்றார். அந்தப் பெண்ணின் கவனம் எங்கேயோ இருந்திருக்கிறது என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றும் சொன்னார். அவர் முடித்துக்கொண்டு எழும்போது அக்கா எழுந்து நின்றாள்.

"சார், ரெண்டு கையையும் டேபிள் மேல வெய்ங்க."

மேனேஜருக்குப் புரியவில்லை. ஆனால் வைத்தார்.

"இப்ப கைய எடுக்காம மூக்கத் தொடுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"முடியல இல்ல சார்? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் எங்க மெஷின் இறங்கும். அந்தப் பொண்ணு எவ்ளோதான் கவனமில்லாம இருக்கட்டும், வெரலு எப்டி சார் உள்ள போச்சி?"

மேனேஜர் மெதுவாகக் கையை எடுத்தார். "நீயே சொல்லும்மா."

"ஒரு பட்டன்ல டேப்பு ஒட்டியிருந்துச்சி சார். போயி தொட்டுப் பாருங்க. டேப்ப உரிச்சிட்டாங்க, பசை இன்னும் கீது. எல்லா மெஷின்லயும் கீது."

சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். குரல் மாறியது. "யார் ஒட்டினது?"

அந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. சூப்பர்வைசரைக் காட்டியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. நாங்கள் எல்லாரும் அவள் அதைத்தான் செய்வாள் என்று காத்திருந்தோம்.

"ஒட்டச் சொன்னது யாருன்னு அப்பால பாக்கலாம் சார்," என்றாள் அக்கா. "என் மெஷின்ல ஒட்டுனது நானு. மூணு வருசமா. அந்தப் பொண்ணு வந்த அன்னிக்கி எம்பக்கத்துலதான் வேல கத்துக்கினா. எங்கையப் பாத்துத்தான் அவளும் ஒட்டுனா."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். முதலில் மூன்றாம் மெஷின்காரி எழுந்தாள். "நானும் ஒட்டுனேன் சார்." பிறகு இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தரையைப் பார்த்தேன். ஆறாவதாக எழுந்தது நான். மோனிஷா தவிர மற்ற பதினேழு பேரில் பதின்மூன்று பேர் நின்றோம். நான்கு பேர் எழவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அறிக்கையை மாற்றி எழுதினார்கள். மோனிஷாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தவளுக்கு, துண்டுகளைச் சரிபார்க்கிற பிரிவில் வேலை கொடுத்தார்கள். எல்லா மெஷினிலும் ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் பிரஸ்ஸே நின்றுபோகிற மாதிரி மாற்றினார்கள். சூப்பர்வைசர் வேறு பிளான்ட்டுக்குப் போனார். எங்கள் பதின்மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சிலர் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அக்கா வாங்கி, நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல எழுதினது கரெக்டுதான். ஒட்டுனம் இல்ல?" என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். என்னுடைய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ மார்க் ஷீட் இருக்கிற அதே பைலில்.

மோனிஷா வேலைக்குத் திரும்பிய வாரம் ஒருநாள் மதியம் கேட்டில் ஒருவர் வந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் ஒரு துணிப்பை நிறைய வேர்க்கடலை. மோனிஷாவின் அப்பா. காலை ரயில் பிடித்து, பஸ் மாறி வந்திருந்தார். மகளைப் பார்க்க வரவில்லை, அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அக்கா வரமாட்டேன் என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் மேனேஜரின் கையை மேசையில் வைக்கச் சொன்னவள், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன்.

செக்யூரிட்டி அறை நிழலில் அவர் நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அக்கா பதறிப்போனாள்.

"என்னக் கும்புடாதீங்கய்யா. உங்களுக்குத் தெரியாது. உங்க பொண்ணு வெரலு போனதுல எம்பங்கும் கீது. நாந்தான் அவளுக்கு..."

"தெரியும்மா," என்றார் அவர். "பாப்பா எல்லாத்தயும் சொல்லிச்சி." பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அத எந்திரிச்சி நின்னு சொன்னவங்களப் பாக்கணும்னுதான் வந்தேன்."